மிச்சமிருந்த இருபது நொடிகள்

பனிக்காலத்தில் நான் மெதுவாகத்தான் வண்டி ஓட்டுவேன். எங்கள் ஊர் டேட்டனிலிருந்து மாநிலத் தலைநகருக்கு எழுபது மைல். "நாம போய்ச் சேர்றதுக்குள்ள பனியே உருகிடும்போல, ஆர்லோ" என்றார் வெர்னெட்டா. என் பக்கத்து வீட்டுக்காரர். மகள் இறந்த பிறகு அவர் கேலி பேசி அன்றுதான் கேட்டேன்.

மகள் டீட்ராவுக்குப் பத்தொன்பது வயது. சலவைக்கடை வாசலில் துணிக்கூடையுடன் நின்றிருந்தாள். எதிரே யாரோ இருவருக்குள் சண்டை. விசையை ஒருமுறை அழுத்தியதில் பதினேழு தோட்டாக்கள். அதில் ஒன்று டீட்ராமேல் பாய்ந்தது. அப்படித் தொடர்ந்து சுடவைக்கத் துப்பாக்கியில் பொருத்தியிருந்த துண்டின் படம் செய்தித்தாளில் வந்தது. நகத்தளவு மஞ்சள் பிளாஸ்டிக்.

அதை வைத்திருப்பது குற்றம் என்று சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. செய்பவரையும் விற்பவரையும் சேர்க்க வேண்டும் என்பது வெர்னெட்டாவின் பிடிவாதம். மசோதாவை ஆராயும் சட்டசபைக் குழுவின் முன் யாரும் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம். பிறகு சிவப்பு விளக்கு. அவர் எழுதியதை என் சமையலறையில் வாசிக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் வந்தது. டீட்ராவைப் பற்றிய வரிகளில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. செய்பவரைப் பற்றிய வரிகளை அடித்தேன்.

"அதச் சொல்லத்தானே போறேன்" என்றார்.

சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாததா, அவர்களே சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். நம்பினார்.

வீட்டில் அழுதழுது வாசித்தவர் அங்கே அழவில்லை. அதனால் சீக்கிரமே முடிந்துவிட்டது. இருபது நொடி மிச்சம்.

"இன்னும் நேரம் இருக்கும்மா. வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் குழுத் தலைவர்.

வெர்னெட்டா திரும்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"என்னக் கூட்டிட்டு வந்தது ஆர்லோ. அவர் இல்லன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மசோதா நிறைவேறியது. செய்பவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். டீட்ராவுக்குப் பிறகு வாங்கிய துணி உலர்த்தும் இயந்திரத்தை அவர் போட்டால் நான் என் பிரிண்டரை நிறுத்திவிடுவேன். இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டால் சுவருக்குள் யாரோ நடப்பதுபோல் இருக்கும்.

பிளாஸ்டிக்கில் பொம்மை ரயில் செய்யத்தான் அந்த 3D பிரிண்டரை வாங்கினேன். ரயிலை யாரும் கேட்கவில்லை. இதைக் கேட்டார்கள்.

ஆமாம், அந்த மஞ்சள் துண்டு நான் செய்ததுதான். படத்தைப் பார்த்த உடனே தெரிந்தது. அதன் பிறகு பதினொன்று செய்தேன். ஆனால் கவனமாக இருந்தேன். வாங்க வருபவரிடம் முதலில் எந்தத் தெரு என்று கேட்பேன். எங்கள் பகுதிக்காரர் என்றால் கொடுக்க மாட்டேன்.