இருநூற்றுப் பன்னிரண்டு ரேகை

— அந்தப் பேரையும் சேத்துப் படி, ருக்குமணியக்கா. ஏன் முழுங்குற? கொட்ட எழுத்துல எழுதியிருக்கேன் இல்ல?

— எழுதியிருக்கே, எழுதியிருக்கே. பாதித் தாளு மை அப்பிக் கெடக்கு. பேனாவால எழுதுனியா, மம்பட்டியால எழுதுனியா கொளஞ்சி?

— கோவத்துல எழுதுனேன். படி.

— 'மேற்படி வேலுமணியைச் சிலோனுக்குத் திருப்பி அனுப்பும்படி போலீசாரிடம் காட்டிக் கொடுத்த துரோகி, எங்கள் மேஸ்திரி தனகோடி என்பவரே என்பதைக் கலெக்டர் அய்யா சமூகத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக் கொள்கிறோம்.' ஏய்யா, ஒருத்தன் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டு, தாழ்மையுடனா?

— அது எழுத்து மொறக்கா. சர்க்காருக்கு எழுதுனா தாழ்மை போட்டுத்தான் ஆவணும். நீ எதுக்குடா வேலுமணி சொவத்தப் பாத்துகினு குந்திகினு இருக்க? உனக்குத்தான எழுதுறோம்?

— கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்.

— கேட்டுகினு இருந்தா கண்ணுல பொறி பறக்க வேணாம்? உன் தாத்தன சேத்தியாத்தோப்புலேர்ந்து தேயிலத் தோட்டத்துக்கு ஏத்திகினு போனான் வெள்ளக்காரன். அங்க மூணு தலமொறையா மலையில கொழுந்து கிள்ளுனீங்க. அப்புறம் அந்த ஊருக்காரன் கள்ளத்தோணின்னு சொல்லி வூட்டக் கொளுத்தினான். உசுரக் கையில புடிச்சிகினு கோடியக்கர வந்து சேந்த. அஞ்சி வருசமா எங்களோட சுரங்கத்துல மண்ணு அள்ளுற. இப்ப இங்க இருக்கிறவன் சிலோன்காரன், வெளியே போங்கறான். அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா, இவன் எங்க நிப்பான்? கடல்லயா?

— கத்தாதய்யா. பக்கத்துக் கடை நூர் நிஷா எட்டிப் பாக்கறா.

— பாக்கட்டும். பாத்தா நாளைக்கி அந்தம்மாவும் வரும். காலைல ஆறு மணிக்கு யூசுப் பாய் மரக்கடை லாரி சுரங்கத்துக் கேட்டுக்கு வந்துரும். ராத்திரி ஷிஃப்டு வுட்டு வர்றவன் எவனும் வூட்டுக்குப் போவக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நேரா கடலூரு. வெள்ளிக்கெழம இவன தனுஷ்கோடியில கப்பல் ஏத்துறான்னா, வியாழக்கெழம நாம கலெக்டரு வாசப்படியில குந்துறோம். நம்ம வடக்குத்து ஊருல ஒரு வூடு பாக்கியில்ல. பிளாக்கு பிளாக்கா ஏறி எறங்கியிருக்கேன். இருநூத்திப் பன்னெண்டு பேரு!

— இருநூத்திப் பன்னெண்டு கட்டைவெரல்னு சொல்லு. ஒருத்தனும் பேரு எழுதல.

— கைநாட்டுப் பசங்க, என்னா பண்றது? அதான் மேல எடம் வுட்டு வச்சிருக்கேன். மொத கையெழுத்து என்னுது. பாக்கறவன் சும்மா கூலிக்காரக் கூட்டம்னு நெனக்கக் கூடாது பாரு.

— நாப்பது வயசுல 'அ' கத்துக்கிட்டு என் கடைச் சொவரு பூரா நெலக்கரியால கொளஞ்சியப்பன், கொளஞ்சியப்பன்னு கிறுக்கி வச்சவனாச்சே நீ. மூணு தரம் சுண்ணாம்பு அடிச்சேன். இன்னும் தெரியுது.

— அண்ணே.

— சொல்லுடா.

— தனகோடி அண்ணன் பேர எடுத்துருங்க.

— என்னாது?

— அவரு பேரு வேணாம். மத்ததெல்லாம் இருக்கட்டும்.

— பயமா? அவன் மேஸ்திரின்னா நமக்கென்னா? 'சிலோன்காரனுக்கு எதுக்குப் பர்மனென்டு'ன்னு கேட்டுல அத்தினி பேரு முன்னாடி கேட்டானா இல்லியா?

— கேட்டாரு. ஆனா அவரு காட்டிக் கொடுக்கல.

— நீ இப்பிடி எல்லாத்துக்கும் தலையாட்டிகினு இருக்கறதாலதாண்டா எவன் வேணா உன்ன மெதிக்கிறான்!

— கொளஞ்சி, நானும் ஒண்ணு சொல்றேன் கேளு. நேத்து தனகோடி பொண்டாட்டி செல்லக்கிளி கொழாயடிக்கு வந்தா. ஒருத்தியும் வழி விடல. எவளோ கொடத்த எத்தி விட்டா. உருண்ட கொடத்த எடுத்துக்கிட்டு வெறுங்கொடமாவே திரும்பிப் போனா. ஒவ்வொரு கேட்டு வாசல்லயும் நின்னு நீ பேசுன பேச்சுதான் அது.

— ஆமா, பேசுனேன். எரியாம ஜனங்க எழுந்திருக்குமா? வேற எவன் சொல்லியிருப்பான், நீயே சொல்லு!

— அதத்தான் இவனக் கேக்கணும். தம்பி, ஸ்டேஷன்ல என்னதான் கேட்டாங்க? நீ ஒருத்தர்ட்டயும் சரியாச் சொல்லவே இல்லியே.

— கேக்கலக்கா. படிச்சாங்க. இன்ஸ்பெக்டரு ஒரு தாளக் கையில வச்சிக்கிட்டு படிச்சாரு. பதுளை. பசறை போற ரோட்டுல தோட்டம். ஏழாம் நம்பர் லயம்.

— லயம்னா?

— வரிசையா ஒட்டுனாப்புல வூடுங்க. நம்ம காண்ட்ராக்டு ஷெட்டு மாதிரி. அதுல மூணாவது வூடு. அப்புறம் எங்கம்மா பேரப் படிச்சாரு. காளியாயி.

— பாத்தியாக்கா, பாத்தியா! தனகோடிப் பய எம்மாந் தூரம் தோண்டியிருக்கான்!

— சும்மா இருய்யா. தனகோடிக்கு எப்புடி இவன் ஆத்தா பேரு தெரியும்? அஞ்சு வருசமா சோறு போடுறேன், எனக்கே இப்பத்தான் தெரியுது. தம்பி, அந்தப் பேர யார்ட்ட சொன்னே?

— அது நெருப்புல போனவுங்க பேருக்கா. ஊரு ஊராச் சொல்லிக்கிட்டா இருப்பேன்? ஒருத்தருகிட்டதான் சொன்னேன்.

— யாருகிட்ட?

— டீ ஆறுதுண்ணே. குடிங்க.

— அவன ஏன்டா பாக்குற? கொளஞ்சி, உன்னக் கேக்கல, அவனக் கேக்குறேன். நீ எதுக்குய்யா பேயறஞ்ச மாதிரி நிக்கிற?

— அந்த ஃபாரம் ஆபீசுக்குத்தான போச்சு.

— எந்த ஃபாரம்?

— பர்மனென்டு ஃபாரங்க்கா. தை மாசம், இதே பெஞ்சுல அண்ணன் எழுதிக் குடுத்தாரே. ஆபீசுக்குத்தாண்ணே போச்சு. பர்மனென்டு ஆகுறவன் ஃபாரத்தப் போலீசு பாத்துதான் திருப்பி அனுப்புமாம். இன்ஸ்பெக்டரு சொன்னாரு.

— இருங்க, இருங்க. அன்னிக்கி நான் அடுப்பு முன்னாடிதான நின்னேன்? 'வடக்குத்துன்னு போடுங்கண்ணே'ன்னு இவன் கெஞ்சினான். நீயும் 'பிறந்த ஊர், வடக்குத்து'ன்னு ரெண்டு தரம் சத்தமாப் படிச்சே. தோசைக் கல்லு சத்தத்துலயும் என் காதுல விழுந்துச்சு.

— படிச்சது வடக்குத்து. எழுதுனது அது இல்லக்கா.

— அடப் பாவி!

— என் கையால எழுதுன மொத சர்க்காரு தாளு அது. கீழ பொடி எழுத்துல, பொய் எழுதுனா வேல போயிரும், வெலங்கு மாட்டுவான்னு அச்சடிச்சிருந்தான். முந்தியெல்லாம் அது எனக்கு எறும்பு வரிசை. அன்னிக்கிப் படிச்சிட்டேன். படிக்கத் தெரிஞ்சதே வெனையாப் போச்சி. நாளைக்கி இவனுக்கு எதாவது வந்துட்டா? அதோட இவன் அம்மா பேரச் சொல்லச் சொல்ல அழுதுகினு இருந்தான். ஆத்தா பேர நெசமா எழுதிட்டு, அடுத்த வரியில ஊரப் பொய்யா எழுத எனக்குக் கை போவல. சொன்னா ஒத்துக்க மாட்டான்னு வடக்குத்துன்னு படிச்சிட்டேன். பொட்டியில போட்டுப் பூட்டிருவான்னு நெனச்சேன்க்கா.

— எழுத்து படிக்காதவன், உன்ன நம்பி அதுல வெரல வச்சிருக்கான்யா!

— ஏண்டா டேய், உனக்கு ஸ்டேஷன்லயே தெரியுமா?

— அவரு படிக்கையிலயே தெரிஞ்சிருச்சு. 'எவன்டா எழுதுனது, கோழி கெளறுன மாதிரி இருக்கு'ன்னு சிரிச்சாரு. எனக்குக் கோவம் வந்துருச்சுண்ணே. எங்கண்ணன் எழுத்தச் சொல்ல நீ யாருன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

— எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்னாடா கேடு? செருப்பால அடிக்கறதுக்கு என்னா?

— நீங்கதான் அதுக்குள்ள ஊரு ஊரா நடக்க ஆரம்பிச்சிட்டீங்களே. ஏற்கெனவே ஒரு செருப்பு பிஞ்சி போச்சு. எனக்காக இதுவரைக்கும் எவன்ணே நடந்திருக்கான்? அத எதச் சொல்லி நிறுத்துறது? நேத்து செல்லக்கிளி அக்கா கொடம் உருண்டதக் கேட்டப்பறந்தான் தாங்கல.

— குடு அந்தத் தாள.

— ஏய், கிழிக்காத! எல்லா ரேகையும் போயிரும்!

— ரேகை எல்லாம் தனித் தாளுக்கா. இந்த மொதத் தாளு மட்டுந்தான் என் எழுத்து. கெடக்கட்டும் அடுப்புல. நீ அஞ்சாவது படிச்சவதான? பேனாவப் புடி. நான் சொல்லச் சொல்ல எழுது.

— நானா? என் எழுத்து...

— கோழி கெளறாது, எழுது. 'வேலுமணி வடக்குத்தில் பிறந்தவன். அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சாட்சி.'

— இப்ப மட்டும் பொய் எழுதலாமாய்யா?

— எங்க பழைய ஊரு இன்னிக்கி எங்க இருக்கு, சொல்லு. சுரங்கத்துக்குள்ள. அந்தக் குழியக் காட்டி நான் பொறந்த ஊருன்னா நம்பறான் இல்ல? இவன் வடக்குத்துன்னு அத்தினி பேரு சொன்னா வடக்குத்துதான். மேல எழுது. 'இவனுடைய ஃபாரத்தை நிரப்பியவன் கொளஞ்சியப்பன் ஆகிய நான். பெஞ்சில் கிடந்த யாரோ ஒருவருடைய சிலோன் கடுதாசியைப் பார்த்து அதிலிருந்த எழுத்துகளை அப்படியே வரைந்து விட்டேன். என்ன வரைந்தேன் என்று எனக்கே தெரியாது. நான் எழுத்தறியாதவன்.'

— கொளஞ்சி...

— எழுதுக்கா. 'தனகோடி மேஸ்திரி மீது நான் சொன்னது பொய்.' அதயும் போடு. சாயந்தரம் அவன் வூட்டுக்குப் போவணும். வாசல்ல நிக்க வுடுவானோ, என்னாவோ. நாளைக்கி லாரியில மொத ஆளா அவன் ஏறுனா, மத்தவன் வாய் மூடும்.

— அண்ணே, வேணாம்ணே. மண்ணு வெட்டுற பெரிய மிஷினுக்குப் போறதுக்கு நீங்களும் ஃபாரம் குடுத்திருக்கீங்க.

— அவன் சொல்றது சரிதான்யா. எழுதப் படிக்கத் தெரிஞ்சாத்தான் மிஷின்ல ஏத்துவான்னு ராத்திரி ராத்திரி பள்ளிக்கூடம் போனவன் நீ. இதக் கலெக்டர்ட்ட குடுத்துட்டா உனக்கு எப்பவும் பர்மனென்டு இல்ல. ஆயுசுக்கும் காண்ட்ராக்டுதான்.

— மண்ணு எங்கயும் ஓடிறாது. அள்ளிகினு இருக்கேன். எழுதிட்டியா?

— எழுதிட்டேன். மேல எடமும் வுட்டிருக்கேன், நீ கேட்ட மாதிரி. இந்தா பேனா. போடு, உன் கையெழுத்த.

— பேனா எதுக்குக்கா? ரேகை வச்ச அந்த மைப்பெட்டிய இப்பிடித் தள்ளு.