தகடு இன்னும் மேஜை மேலதான் இருக்கு

ஹலோ... ஹலோ... யாரு, பாப்பாவா? போனை அப்பாகிட்ட குடு... ஓட்டிக்கிட்டு இருக்காரா? எதை ஓட்டிக்கிட்டு இருக்காரு?... அதானே பார்த்தேன்! பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்து பார்த்தா ஷெட்டு காலி. எதிர்வீட்டு அம்மா வேற, காரு பளபளன்னு போச்சே, ரிப்பேர் எப்ப முடிஞ்சுதுன்னு என்னையே கேட்கறாங்க. ஸ்பீக்கர்ல போடுடி.

என்னங்க, வண்டியை ஓரங்கட்டுங்க... பஸ் ஸ்டாண்டுக்கா? என்னைக் கூப்பிடவா? நான் முந்தின பஸ்லயே வந்துட்டேன், வீட்டுலதான் நிக்கறேன்... சர்ப்ரைஸும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், ஓரங்கட்டுங்க! பாப்பா, நீ எங்க உக்காந்திருக்க?... பின்னாடி எந்தப் பக்கம்?... கடவுளே. காலைத் தூக்கி சீட் மேல வெச்சுக்கோ... ஏன்னு கேட்காத, தூக்கு!... என்னது?... ரோடு தெரியுதா?... ஐயோ! என்னங்க, நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

...

நின்னாச்சா?... ஹேண்ட் பிரேக் போட்டாச்சா?... செருப்பு விழுந்துடுச்சா? தொலையட்டும். கால் ரெண்டும் நல்லா இருக்குல்ல?... சரி... சரி. அவளை இறக்கி ஓரமா நிக்க வைங்க. இப்ப ஸ்பீக்கரை அணைச்சிட்டு காதுல வைங்க. நான் பேசப்போறது அவ கேட்கற மாதிரி இருக்காது.

உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?... இல்ல, சொல்லுங்க, இருக்கா?

ஆமா... ஆமா ஆமா, உதவிதான் செஞ்சீங்க. டப்பா இங்க என் காலடியில கிடக்கு. சுவத்துக்குப் பூசற பட்டி! ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சப்போ மிஞ்சினது. காரு தரையில இருந்த ஓட்டைக்குள்ள என்னத்தை அடைச்சீங்க?... பேப்பரா! பழைய பேப்பரைத் திணிச்சு, மேல பட்டியை அப்பி, அதுக்கு மேல கறுப்புப் பெயிண்ட், அதுக்கு மேல கால்மிதி வேற. ஆஹா! அது மேல என் புள்ள காலை வெச்சுக்கிட்டு சவாரி போறா!

...கல்லு மாதிரி இறுகிடுச்சா? அந்தக் கல்லுதான் இப்ப நடுரோட்டுல கிடக்கு!

மாசக்கணக்கா நான் எதுக்குங்க அந்தக் காருக்கடியில படுத்துக் கிடந்தேன்? தலையெல்லாம் துரு, மூக்கெல்லாம் துரு. நல்ல இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டணும், உளுத்துப் போனதை வெட்டி எடுக்கணும், அப்பதான் புதுத் தகடு பிடிக்கும்னு உங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்? அளவெடுத்து வெட்டின தகடு, இதோ, மேஜை மேலதான் இருக்கு. வெல்டிங்காரர் நாளை மறுநாள் வர்றாரு. அதுவரைக்கும் பொறுக்க முடியலையா உங்களுக்கு?

...அவர் வந்தா முடிஞ்சிடுமான்னா என்ன அர்த்தம்?... ஆமா, கதவு பாக்கி இருக்கு... டிக்கியும்தான். பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்த வண்டி, பாக்கி இல்லாம என்ன இருக்கும்? அதுக்கு?

சத்தமாப் பேசுங்க, லாரி போகுது... ம்... ம்...

என்ன சொன்னீங்க?

ஆறின சோத்தை சாப்பிடறது நான்தானே, அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?... சரி, தனியாத்தான் சாப்பிடறேன்... பேச்சை மாத்தாதீங்க... ஸ்கூல்லயா? என்ன படம்?... குடும்பத்தை வரையச் சொன்னாங்களா... நீங்க இருக்கீங்க... அவ இருக்கா... நான் எங்க?

...

காருக்கு அடியில ரெண்டு கால் மட்டுமா?

...

டீச்சர் சிரிச்சாங்களா... நீங்க சிரிக்கலையாக்கும்.

அதுக்கு? காரை முடிச்சிட்டா நான் வெளிய வந்துடுவேன்னு நீங்களே முடிச்சிட்டீங்களா? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல!... சொன்னீங்களா? எப்ப?... அன்னிக்கா... துரு சுரண்டற மெஷின் ஓடிக்கிட்டு இருந்திருக்கும். காதுலயே விழலை... மறுபடியுமா சொன்னீங்க? அப்பவும் ம்னுதான் சொன்னேனா...

இல்ல, கோபமெல்லாம் போகலை. நல்லாவே இருக்கு. என்னை வெளிய இழுக்கணும்னா அந்த ரெண்டு காலைப் பிடிச்சு இழுத்திருக்கணும், தெரியுதா? புள்ளையை ஓட்டை மேல உக்கார வெச்சா இழுப்பாங்க? அவளுக்கு மட்டும் ஏதாவது ஆகியிருந்தா... பேசாதீங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க.

வண்டியை ஒரு அடி நகர்த்தக் கூடாது. மெதுவாவும் கூடாது! சாவியைப் பையில போடுங்க. எந்த இடம்?... மருந்துக்கடைக்கு எதிர்லயா? சரி. ஸ்கூட்டர்ல வர்றேன். போனை அவகிட்ட குடுங்க.

பாப்பா... பயந்துட்டியாடா?... ஜாலியா இருந்துச்சா! வந்து வெச்சுக்கறேன் உன்னையும்... வேற செருப்பு வாங்கலாம்... இதோ கிளம்பிட்டேன்... என்ன?

என்ன கேட்ட?

...

காரைப் பார்க்க இல்லடி. உன்னைப் பார்க்கத்தான்... நிஜமாத்தான்... கால் மட்டும் இல்லடி, முழு அம்மாவும் வர்றேன்... ம்... ம், இனிமே ராத்திரி எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம்.

உங்கப்பாகிட்ட சொல்லு, நான் இன்னும் திட்டி முடிக்கலைன்னு. வெச்சிடு.