ஏழாம் பக்கம்

– போன்லயே சொல்லியிருக்கலாமே, தமிழினி. இதுக்குப் போயி பெங்களூர்லருந்து சேலத்துக்கு பஸ் ஏறி வருவாங்களா?

– போன்ல சொன்னா வெச்சுருவீங்க, லிடியாக்கா. வர்ற புதங்கெழம நம்ம சூப்பர் கம்ப்யூட்டரை முழுசா ஓட உடறமுங்க. சுவிட்சு நீங்கதான் போடோணும்.

– நான் வேலையை விட்டு ரெண்டு வருசம் ஆச்சு. இங்க காலேஜ்ல பாடம் எடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு நிம்மதியா இருக்கேன். டிசைன் பண்ணினவ நீ. நீயே போடு.

– ஏனுங்கக்கா, பதினோரு வருசம் நீங்க போட்ட டிசைனை ஓரங்கட்டிப்போட்டு என்னோடதை எடுத்தாங்க. அந்த மாசமே நீங்க கெளம்பிட்டீங்க. எனக்கு உறுத்தாதுங்களா?

– அதை விடு. எப்படி ஓடுது?

– மெஷின் அடுக்குன அலமாரில நாலை மட்டும் ஓட்டிப் பாத்தமுங்க. ஊரு ஊரா பிரிச்சு மழை சொல்லுது. கெங்கவல்லில பேயும், நாமகிரிப்பேட்டைல பேயாதுன்னுச்சு. அப்புடியே நடந்துச்சுங்க.

– எவ்வளவு நேரத்துல சொல்லுச்சு?

– நாப்பது நிமிசமுங்க.

– என்னோடதுன்னா மூணு மணி நேரம். கரண்டும் ரெண்டு மடங்கு குடிக்கும்.

– அப்புடிச் சொல்லாதீங்க. ராசிபுரத்துல எங்கம்மா, "கூட இருந்தவங்க வேலையப் புடுங்கிட்டு நிக்கிறியா"ன்னு கேட்டுச்சுங்க. அன்னைக்கிருந்து சோறு எறங்கலை. அதான் இதை எழுதி வெச்சிருக்கேன். பாருங்க.

– ராஜினாமாவா?

– மெஷின் ஓடுனதும் குடுத்துட்டு ஊட்டுக்கு வாரேனுங்க.

– இங்க கொண்டா. தமிழினி, ரெண்டு டிசைனையும் பார்த்து எதை எடுக்கலாம்னு ஒருத்தர் அறிக்கை குடுத்தாங்களே, பேர் போடாம?

– பதினாறு பக்கமுங்க. டைரக்டர் எங்கையில மட்டும் குடுத்தாரு. "புதுசை எடுங்க, பழசை நிறுத்துங்க"ன்னு இருந்துச்சு. எழுதுன ஆளு யாருன்னு இன்னைக்கும் தெரியாது. உங்க மனசு நோகுமுன்னு அதுல என்ன இருந்துச்சுன்னு உங்ககிட்ட மூச்சே உடலீங்க.

– ஏழாம் பக்கத்துல உன் தப்பு ஒண்ணும் இருந்துச்சுல்ல? மெஷின் சூட்டைத் தணிக்க உடற குளுந்த தண்ணி கடைசி அலமாரிக்குப் போறதுக்குள்ள சூடாயிரும்னு.

– ஆமாங்க. அன்னைக்கே குழாய மாத்தி வரைஞ்சேன். இல்லாட்டி மெஷினே நின்னுருக்கும். இருங்கக்கா. அந்தப் பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

– எழுதினவளுக்குத் தெரியாதா, சாமி.