திணறாத கடை

காத்திருக்க யாருக்கும் பிடிப்பதில்லை. வெளியே உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர் முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு கதவைப் பார்க்கிறார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். அப்புறம் எழுந்து போய்விடுகிறார். உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எழுந்து போனவர் நாளைக்குத் திரும்ப வந்துதான் ஆக வேண்டும். எங்கள் கடையில் அப்படியில்லை. பக்கம் திறக்க மூன்று நொடி ஆனால் போதும், வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போனால் போனதுதான்.

நான் வேலை பார்ப்பது ஓர் இணையக் கடையில். சட்டை, சைக்கிள், கட்டில், கண்மை எல்லாம் அதில் கிடைக்கும். விற்பது என் வேலை இல்லை. கூட்டம் வரும்போது கடை திணறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சாதாரணக் கடையில் ஆள் சேர்ந்தால் இன்னொரு கவுன்டரைத் திறப்பார்கள் இல்லையா, அதேதான். எங்கள் கவுன்டருக்குச் சர்வர் என்று பெயர். வாடகைக்கு எடுக்கிறோம். கூட்டம் ஏறினால் சர்வர்கள் தாமாகக் கூடும், இறங்கினால் தாமாகக் குறையும். எப்போது கூட வேண்டும், எதுவரை கூடலாம், இடம் பற்றாமல் போனால் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற விதிகளை எழுதுவது நான். எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

போன முறை உங்களிடம் எல்லாம் தானாக நடந்தது என்று சொன்னேன். அதில் முக்கால்வாசி உண்மை. மீதியைச் சொல்லத்தான் நானாகவே வந்திருக்கிறேன். அக்கா எப்படி இறந்தாள் என்றுதான் கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

சென்ற ஆண்டு பெரிய விற்பனையன்று எங்கள் கடை விழுந்தது. புது சர்வர் ஒன்று தயாராகச் சில நிமிடம் பிடிக்கும். கூட்டம் அதுவரை பொறுக்காது. நண்பகலில் கதவு திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தது. என் சர்வர்கள் எழுந்து முகம் கழுவி வருவதற்குள் கடை படுத்துவிட்டது. எங்கள் மேலாளரை எல்லாரும் கேப்டன் என்போம். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, கடையத் தொறந்து வெச்சுட்டு வாசல்லயே படுத்துக்கிட்டீங்களா?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் அக்காவும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நூல்கண்டு வாங்கலாம்னு உன் கடைக்குள்ள போனேன்டா. அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. கடைசில எனக்குத்தான் தலை சுத்திருச்சு."

அக்கா தையல்காரி. அத்தான் போன பிறகு தையல் மெஷினோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "அவனுக்கு எதுக்குப் பொண்டாட்டி? சர்வரு இருக்கே, ராத்திரி பகல் பாக்காம பேரு சொல்லிக் கூப்பிடுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவள்மேல் எனக்குக் கோபம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் போட்டிருக்கும் இந்தச் சட்டை அவள் தைத்தது.

அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. வந்துவிட்டால் பேச்சு வராது. போன் செய்தும் பயனில்லை, என்ன சொல்ல முடியும்? அதனால் எங்கள் கடையே விற்கும் உதவிப் பொத்தான் ஒன்றை என் பெயரில் வாங்கி, கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினேன். அதை அழுத்தினால் தகவல் எங்கள் சர்வருக்கு வரும். அங்கிருந்து எனக்கும், எதிர் வீட்டில் இருக்கும் நர்சுக்கும் போனில் அலறும். நர்சிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு.

"மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுறியேடா. மேயப் போறப்போ கழட்டிக்கலாமா?" என்றாள் அக்கா.

கொஞ்ச நாள் அதை வைத்து விளையாடினாள். நான் உள்ளறையில் வேலையாக இருந்தால் டீ ஆறுகிறது என்று சொல்லப் பொத்தானை அழுத்துவாள். ஒரு முறை நர்ஸ் ஈரத் தலையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யக்கா, உங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு உசுரே போயிருச்சு."

"கோச்சுக்காதே நர்சம்மா. இனிமே இப்படி வெச்சுக்கலாம். சும்மான்னா ஒரே ஒரு தடவை அழுத்துவேன். நிஜமாவே வந்துருச்சுன்னா விடாம அழுத்துவேன். சரியா? டேய், நீயும் கேட்டுக்கோ."

நானும் கேட்டுக்கொண்டேன். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தேன் என உங்களிடம் சொன்னபோது, இந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் விட்டேன்.

இந்த ஆண்டு விற்பனைக்கு ஒழுங்காகத் தயாரானேன். கூட்டம் வருவதற்கு முன்பே சர்வர்களை எழுப்பி உட்கார வைத்துவிட ஏற்பாடு செய்தேன். பற்றாக்குறை வந்தால் யார் வழிவிட வேண்டும் என்பதையும் திருத்தி எழுதினேன். பொத்தான் பிரிவைப் பார்த்துக்கொள்வது ஒரு சின்னப் பெண். வேகவேகமாகப் பேசுவாள் என்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர். என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், பொத்தானை எல்லாத்துக்கும் மேல போட்டுருங்க சார். கடைக்கும் மேல. மறந்துராதீங்க."

"போட்டாச்சு" என்றேன்.

"சத்தியமா?"

"அட, போட்டாச்சும்மா."

ஒரு ஆரஞ்சு மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் போடவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே போட்டிருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. பொத்தான் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே வாங்கியவர்கள். பதில் தாமதமானால் எழுந்து வேறு கடைக்குப் போகிறவர்கள் இல்லை. அவர்களில் பலர் எழுந்து போகவே முடியாதவர்கள். கடைக்கு வருகிறவர்கள் அப்படி இல்லையே.

விற்பனையன்று காலை படியில் நர்சைப் பார்த்தேன். "இன்னிக்கு எனக்கு லீவு தம்பி. உங்க கடைய ஒரு கை பாக்காம விடப்போறதில்ல" என்றாள். அவள் நாள் முழுக்க வீட்டில் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அன்று எங்கள் அறைக்குள் வருகிறவர்கள் போனை வாசலில் இருக்கும் பிரம்புக் கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். கவனம் சிதறக் கூடாது. அது நான் வைத்த வழக்கம்.

நண்பகலில் கூட்டம் வந்தது. போன ஆண்டைவிடப் பெரிய கூட்டம். சர்வர்கள் தயாராக இருந்தன. பக்கம் ஒரு நொடிக்குள் திறந்தது. திரையில் அந்த நேரத்தைக் காட்டும் கோடு ஆணி அடித்தாற்போல அசையாமல் நின்றது. அப்படி ஒரு கோட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு வாடகை சர்வர்களின் எல்லையைத் தொட்டோம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்காது. விதிப்படி பொத்தானின் சர்வர்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வழிவிட்டன. இதுவரை எல்லாமே தானாக நடந்ததுதான்.

ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. பொத்தானை யாரும் அழுத்தாவிட்டாலும் அது அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு தகவல் அனுப்பும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். பிறகு இன்னும் அவசரமாக அனுப்பும். ஊரெல்லாம் இருக்கும் பொத்தான்கள் ஒரே நேரத்தில் இருக்கிறேன், இருக்கிறேன் என்று கதவைத் தட்டின. கூட்டம் ஏறினால் சர்வரைக் கூட்டும் விதிகள் யார் மேல், யார் கீழ் என்று பார்ப்பதில்லை, கூட்டம் என்றால் கூட்டம்தான். கடையின் சர்வர்களை எடுத்துப் பொத்தானுக்குக் கொடுக்க ஆரம்பித்தன. கோடு அசைந்தது. பக்கம் திறக்க இரண்டு நொடி ஆயிற்று.

கேப்டன் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் சாப்பிட்ட ஏலக்காயின் வாசனை வந்தது.

நான் ஒரு வரி எழுதினேன். பொத்தானுக்குச் சர்வர் பூஜ்யம். அதைத் தானியங்கி எழுதவில்லை. என் விரல்கள் எழுதின. கோடு பழையபடி நேராயிற்று.

பூஜ்யம் என்றால் தகவல்கள் தொலைந்துபோகாது. வாசலில் வரிசையாக நிற்கும், உள்ளே விட ஆள் இருக்காது, அவ்வளவுதான். கீழ்த் தளத்திலிருந்து குருவி இன்டர்காமில் கூப்பிட்டாள்.

"சார், பொத்தான்ல எதுக்குமே பதில் போகல சார். என்னான்னு பாருங்களேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அது பொய்யில்லை. வாசலில் நிற்கும் தகவல்கள் என் திரையின் ஓரத்தில் தெரியும். வெறும் இருக்கிறேன் என்றால் வெள்ளை. விரலால் அழுத்தியது என்றால் சிவப்பு. வெள்ளைக்கு நடுவே ஒன்றிரண்டு சிவப்பு வந்தன. ஒன்றில் என் பெயர் இருந்தது. பொத்தான் என் பெயரில் வாங்கியதல்லவா.

ஒரு அழுத்தலுக்கு எண் ஒன்று கூடும். பொத்தான் தானாக மறுபடி அனுப்புவது அந்த எண்ணில் சேராது. என் பெயருக்கு எதிரே எண் ஒன்று ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அப்புறம் கூடிக்கொண்டே போயிற்று. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

நான் எழுந்தேன். கேப்டன் தடுத்தார் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அவர் தடுக்கவில்லை. பாவம், அவர்மேல் பழி போட வேண்டாம்.

"எங்க தம்பி?"

"தண்ணி."

"குடிச்சிட்டு வாங்க, குடிச்சிட்டு வாங்க. தொண்ட காஞ்சுதான் போயிருக்கும்" என்று நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

தண்ணீர் ஜாடி வாசலில், கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. என் போன் மற்றவற்றுக்கு மேலாகக் கிடந்தது. எடுத்து நர்சுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்க் கதவிலிருந்து எங்கள் கதவுக்கு வந்துவிடுவாள். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் என் திரை தெரியவில்லை. கோடு எப்படி இருக்கிறதோ என்ற நினைப்பாகவே இருந்தது. தண்ணீரைக் குடித்தேன். தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கோடு நேராக இருந்தது. என் பெயருக்கு எதிரே எண் கூடுவது நின்றிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கூட்டம் வடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் எழுதிய வரியை எடுத்தேன். பொத்தானுக்குச் சர்வர்கள் திரும்பின. வாசலில் நின்றவை எல்லாம் வரிசையாக உள்ளே வந்து, போக வேண்டிய இடங்களுக்குப் போயின. கேப்டன் கைதட்டினார். "படுக்கலையே தம்பி, இந்தத் தடவை கடை படுக்கலையே" என்று என் முதுகில் தட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். குருவி மேலே ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"சார், உங்க போன்தானே இது? கூடைக்குள்ள கெடந்து துள்ளுது."

அக்கா அழுத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. நிற்க வெகு நேரம் ஆயிற்று.

நான் போனபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. தையல் மெஷினின் காலுக்குப் பக்கத்தில் அக்கா சாய்ந்திருந்தாள். பொத்தானைப் பிடித்த விரல்களை நர்சால் பிரிக்க முடியவில்லை. பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது. உதவி வருகிறது என்று அதற்கு அர்த்தம்.

நர்ஸ் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"கையிலதான் தம்பி வெச்சிருந்தேன் போனை. மத்தியானம் பூரா உங்க கடையிலதான் செருப்பு பாத்துக்கிட்டிருந்தேன். இந்தக் கதவுக்கு எதிர்த்தாப்லதான தம்பி இருந்தேன். ஒரு சத்தம் வரலியே. எனக்கு ஒரு சத்தம் வரலியே."

மறுநாள் அலுவலகத்தில் அவள் எங்கள் கடைக்கு வந்துபோன விவரத்தை எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ செருப்பைப் பார்த்திருக்கிறாள். எல்லாப் பக்கமும் ஒரு நொடிக்குள் திறந்திருக்கிறது. ஒரு இடத்தில்கூடத் தாமதம் இல்லை.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். பொத்தானைக் கீழே போட்டது நான். குருவியிடம் பொய் சொன்னது நான். பூஜ்யம் என்று எழுதியது நான். அக்கா அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குருவி என் விதிகளை அழித்துவிட்டாளாம். பொத்தானுக்கு யாரும் தொட முடியாதபடி தனியாகச் சர்வர்களை ஒதுக்கி, அந்த அளவுக்குக் கடையின் எல்லையைக் குறைத்திருக்கிறாளாம். சின்னப் பெண், பதற்றத்தில் செய்துவிட்டாள். அடுத்த விற்பனைக்குக் கூட்டம் இன்னும் அதிகமாக இருக்கும். பக்கம் சுற்றிக்கொண்டு நிற்கும். நீங்களாவது அவளைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லுங்கள்.

அக்கா எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்களுக்கு எப்படி விளங்க வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை சார். அந்தக் கோட்டை நீங்களே பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள். அன்று நான் ஒருத்தரைக்கூடக் காக்க வைக்கவில்லை.