மேஜைமேல் ஒரு தொட்டி

உங்கள் பின்னால் மாட்டியிருக்கும் சான்றிதழுக்குச் சட்டம் போட்டவர் இடது மூலையைச் சரியாகச் சேர்க்கவில்லை, டாக்டர். இங்கே வரும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். தொழில் புத்தி ஒரு பக்கம். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது என்பது இன்னொரு பக்கம். இன்றும் அதைப் பார்த்துக்கொண்டே பேசிவிடுகிறேன்.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பேசுவது அவனுக்குக் கேட்காதல்லவா?

அவன் கதை உங்களுக்குத் தெரியும். நர்ஸாக இருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவன்மேல் தவறில்லை என்று விசாரித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவன் ஒருவன்தான் நம்பவில்லை. வேலையை விட்டான், அறைக்குள் அடைந்துகொண்டான். "என் கைக்கு எதுவும் பொழைக்காதுக்கா" என்பான். கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்து ரத்தம் கசியும். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் என் வேலை முடிந்து வந்ததும் அவனை உட்காரவைத்து விரல் விரலாக மருந்து தடவிவிடுவேன். சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் உங்களிடம் நான் சொன்னதில்லை.

ஏதாவது ஒரு உயிரை வளர்க்கச் சொல்லுங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நாய், பூனை என்றதும் கையை மடியில் மறைத்துக்கொண்டான். மீன் என்றதும் நிமிர்ந்தான். பெரிய தொட்டியெல்லாம் வேண்டாம், அவன் மேஜைமேல் வைக்கிற அளவுக்கு ஒன்று நாமே செய்துவிடலாம் என்றேன். கண்ணாடி எனக்குக் கைவந்த வேலை. கடையில் மிஞ்சிய கண்ணாடியில் ஐந்து துண்டு வெட்டி, கை கிழிக்காமல் இருக்க ஓரங்களைத் தேய்த்துக் கொண்டுவந்தேன். அவன் பிடித்துக்கொள்ள நான் ஒட்டினேன். இருவருமாக உட்கார்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ காலமாகியிருந்தது.

ஒட்டுவதற்கு நான் வாங்கியது குளியலறைக்குப் போடும் பசை. பூஞ்சை பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். நல்லதுதானே என்று வாங்கினேன். இதில் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நீங்கள் இதை நம்பவேண்டும்.

வளர்ப்பு மீன் விற்கும் மீன்கடைக்காரர் குள்ள சிக்லிட் என்ற இனத்தில் ஒரு ஜோடி கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. சின்னத் தொட்டியிலும் வீடு, வாசல், எல்லைச் சண்டை என்று பெரிய குடும்பம் மாதிரி வாழும் என்றார். அவை மணலை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும் என்பதால் தம்பி நைசான மணலாகத் தேடி அலசிப் போட்டான். காய்ந்த இலைகளைப் போட்டதும் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. ஒளிந்துகொள்ள ஒரு குட்டி மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தான். தண்ணீர் பழகட்டும் என்று பல வாரம் மீன் விடாமல் காத்திருந்தான். மீன் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, இரண்டும் மல்லாந்து மிதந்தன.

அவன் அழவில்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவத் தொடங்கினான்.

அடுத்த நாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் அதே பசைக் குழாயை வைத்துக்கொண்டு நின்றார். சும்மா வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தேன். பூஞ்சைக்கான விஷம் கலந்தது, மீன்தொட்டிக்கு ஆகாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தம்பியின் கைக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. என் பசைதான்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்ததும் அவன் எழுந்து வந்து என் தோளில் தலையைச் சாய்த்தான். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னக்கா ஆவேன்?" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. நீங்கள் மாத்திரையைக் கூட்டினீர்கள். அவன் எந்நேரமும் தூங்கினான். நான் சோறு பிசைந்து ஊட்டினேன். கடையில் என் முதலாளியம்மா, "உன்ன மாதிரி ஒரு அக்கா கெடைக்க அவன் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

தம்பி கடைப்பக்கமே வரவில்லையே என்று மீன்கடைக்காரர்தான் வீடு தேடி வந்தார். பேச்சில் கொஞ்சம் முரடு, மனசில் ஒன்றும் கிடையாது. "அட, மீன் சாகாம மீன் வளர்த்தவன் எவன்யா இருக்கான்? நான் கொன்ன மீனையெல்லாம் வரிசையா வச்சா இந்தத் தெரு பத்தாது" என்றார். தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாள் நான் ஊட்டிய சோற்றுக்கு அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

இரண்டாவது தொட்டியை முறையாகச் செய்தேன். சரியான பசையை நானே தேடி வாங்கினேன். ஏன் பசையை மாற்றினேன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீரைச் சோதிக்கிற சொட்டுமருந்தை மீன்கடைக்காரர் கொடுத்திருந்தார். தீனி மிஞ்சினால் அழுகி அம்மோனியா ஆகும், அது மீனின் செவுளைச் சுட்டுவிடும் என்று தம்பி எனக்குப் பாடம் நடத்தினான். "நீ கண்ணாடி தொடைக்கிற தண்ணியில மூக்கைத் துளைக்குமே, அதேதான்க்கா" என்றான்.

இந்தத் தடவை மீன்கள் பிழைத்தன. பெண்மீனுக்கு மகராசி என்றும் ஆணுக்கு மாப்பிள்ளை என்றும் அவனே பெயர் வைத்தான். ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே நின்றான். "அக்கா, சீக்கிரம் வா. மகராசி முட்டை போட்டுட்டா. மாப்பிள்ளைய மூலைக்கு வெரட்டிட்டா, பாவம், பொட்டிய எடுத்துக்கிட்டு வெளிய போன புருஷன் மாதிரி நிக்கிறான்." உள்ளே அவள் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறிச் சட்டி வாசலைக் காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் தூசு போலக் குஞ்சுகள் கூட்டமாகக் கிளம்பி அவள் பின்னாலேயே தொட்டியைச் சுற்றி வந்தன. தம்பி அவற்றுக்கு வேளாவேளைக்குத் துளித்துளியாகத் தீனி கொடுத்தான். கை கழுவுவது குறைந்தது. தோல் ஆறியது. மருந்து தடவ நான் உட்கார்ந்தால், "அதான் சரியாயிடுச்சே, விடுக்கா" என்று எழுந்துவிடுவான்.

நீங்கள்கூட ரொம்ப சந்தோஷப்பட்டீர்கள். மாத்திரையைக் குறைத்தீர்கள். இந்த அறையில்தான், அவன் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் முகத்தை நீங்கள் சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு மீன்கடைக்காரர் அவனை வேலைக்குக் கூப்பிட்டார். தொட்டிகளையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். தம்பி என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "பக்கத்துலதான்க்கா. நீ எனக்காக எவ்ளோ நாள்தான் இப்படியே இருப்ப? உனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?" நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்று அவன் சொன்னபோது, அது இதுதான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போய் அறையைப் பார்த்துவிட்டு வா என்றேன்.

விடுமுறை நாள், காலை வேளை. சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, தனியாக பஸ் ஏறிப் போனான். போகும்போது, "குஞ்சுங்களுக்கு நீ ஒண்ணும் போடாத, நான் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வீட்டைப் பெருக்கினேன். அவன் மேஜையை ஒழுங்குபடுத்தினேன். தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்க அவன் விரல் தடம். கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் தண்ணீரைத் துணியில் நனைத்து அதைத் துடைத்தேன். சுத்தமானது. பிறகு மூடியைத் தூக்கினேன்.

கை தவறிவிட்டது என்று சொல்லத்தான் முதலில் நினைத்திருந்தேன், டாக்டர். கை தவறவில்லை. புட்டியைச் சாய்த்து, நுரை வராமல், ஓரமாக ஊற்றினேன். மகராசி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினாள். குஞ்சுகள் எல்லாம் சட்டென்று மணலில் படிந்து அசையாமல் கிடந்தன. ஆபத்து வந்தால் அவள் அப்படித்தான் சைகை காட்டுவாள், குஞ்சுகள் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று தம்பி பெருமையாகச் சொல்லியிருந்தான். அவை கடைசிவரை கேட்டன. அவள் அவற்றின் மேலேயே நின்றாள். நான் ஜன்னலைத் திறந்து வாடை போக விட்டேன். துணியை அலசிக் காயப்போட்டேன். பிறகு சமைத்தேன். அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. செய்ததைவிட, சாப்பிட்டதை.

அவன் சாவியோடு வந்தான். மேல் அறைச் சாவி. என்னிடம் காட்டுவதற்காகக் கையில் பிடித்துக்கொண்டே அறைக்குள் போனான். அப்புறம் சத்தமே இல்லை.

மீன்கடைக்காரரை அவனே போன் போட்டு வரவழைத்தான். அவர் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தார். தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. "அம்மோனியா தம்பி. குஞ்சு இருக்குன்னு ஆசையில தீனிய அள்ளிப் போட்டிருக்க. பரவாயில்ல, எல்லாரும் பண்ற தப்புதான்" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். அவன் அளவாகத்தான் போட்டான் என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவன் துளித்துளியாகப் போட்டதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். "கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போட்ட மாதிரி இருந்துச்சுடா" என்றேன்.

அவன் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தான். "நான் சொன்னேன்லக்கா, என் கைக்கு எதுவும் பொழைக்காதுன்னு" என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டேன். "அக்கா இருக்கேன்டா" என்றேன். அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது துக்கம் என்று பொய் சொல்ல விரும்பவில்லை. தொலைந்துபோன சாமான் கிடைத்தமாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை யாரிடமும் காட்டமுடியாமல், அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மீன்கடைக்காரர் நானும் அழுவதாக நினைத்து என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தக் கடைத் தெரு வழியாக நான் போவதில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் சாப்பாட்டை நிறுத்தினான். பேச்சும் நின்றது. இப்போது கையைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறான், எதையும் தொட்டுவிடக் கூடாதாம். போன தடவை நீங்கள், "வீட்டுல வேற ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். இன்றைக்கு அவனை உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளப்போவதாகவும், கொஞ்ச நாளைக்கு நான்கூட வந்து பார்க்கக் கூடாதென்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டதும்தான் இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

அதனால் சொல்லிவிட்டேன். முதல் ஜோடி என் அறியாமையால் செத்தது. மகராசியையும் மாப்பிள்ளையையும் குஞ்சுகளையும் கொன்றது நான். கொன்றது அவன்தான் என்று அவனையே நம்பவைத்ததும் நான். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் என்னைத் திட்டலாம், போலீசைக்கூடக் கூப்பிடலாம்.

ஆனால் ஒன்று இப்போது தெளிவாகிவிட்டதல்லவா, டாக்டர்? அவனுக்கு வியாதி எதுவும் இல்லை, எல்லாம் நான் செய்த வேலை. ஆகவே அவனை இங்கே சேர்க்க வேண்டியதில்லை. நான் சொன்னதை இப்போதைக்கு அவனிடம் சொல்லவேண்டாம், பிள்ளை தாங்கமாட்டான், பக்குவம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். கதவைத் திறந்துவிடுங்கள், அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?