காலி நாற்காலிக்குக் கிடைத்த முப்பத்து மூன்றாம் இடம்

நான் சீட்டு விளையாடுவதில்லை. லாஸ் வேகஸில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். அதில் பதினொரு வருடம் டீலராக நின்று மற்றவர்களுக்குச் சீட்டுப் போட்டிருக்கிறேன். ஆனாலும் என் பணத்தை ஒரு மேஜையிலும் வைத்ததில்லை. ஆட்கள் மேல் வைப்பேன். அது வேறு தொழில்.

நீங்கள் கேட்டதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மேடம். போக்கர் போட்டியில் உட்கார நுழைவுக் கட்டணம் உண்டு. ஆயிரம் டாலர், ஐயாயிரம், சிலவற்றுக்குப் பத்தாயிரம். நன்றாக ஆடுகிறவர்கள் கையில் அநேகமாகப் பணம் தங்காது. நான் கட்டுவேன், அவர்கள் ஆடுவார்கள், ஜெயித்தால் பாதிக்குப் பாதி. தோற்றால் எனக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் தோற்ற தொகை அப்படியே நிற்கும். அதைப் பள்ளம் என்போம். அடுத்து ஜெயிக்கிற பணம் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். நிரம்பி மிஞ்சினால்தான் ஆட்டக்காரருக்குப் பங்கு.

இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது. கைகுலுக்கினால் முடிந்தது. பள்ளத்தை விட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு ஊரில் வேறு யாரும் பணம் போட மாட்டார்கள். வேறொருவர் வந்து பள்ளத்தைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டால்தான் விடுதலை.

ஆர்லோ பிக்கெட்டின் பள்ளம் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் டாலர். ஐந்து வருடத்தில் விழுந்தது. நான் அவரை ஒருநாளும் நெருக்கியதில்லை. அவர் தங்கையைக் கேட்டால்கூட அதை ஒப்புக்கொள்வாள்.

சந்தேகப்படாதவன் இந்தத் தொழிலில் ஒரு வருடம் தாங்க மாட்டான். ஒரே பங்கை மூன்று பேரிடம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் எதிராளியோடு பங்கு மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். டானி ஷ்ரூடர் என்று ஒருவன் இருந்தான். போட்டியின் இரண்டாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்கவே முடியவில்லை என்று அழுதான். மருந்துக் கடை ரசீதுகூட வைத்திருந்தான். அன்று சாயங்காலம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சூதாட்ட விடுதியில், சொந்தப் பணத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். அதிலிருந்து ஒருவன் தும்மினால்கூட நிஜத் தும்மலா என்று பார்ப்பேன்.

ஆர்லோ டல்சாவில் கூரை வேய்கிறவராக இருந்து சீட்டுக்கு வந்தவர். ஐம்பத்திரண்டு வயது, பெரிய உடம்பு, ஓயாத வாய். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், பேங்க் என்பார். போட்டியின் முதல் நாள் காலையில் அவரை ஒரு பேன்கேக் கடையில் பார்த்தேன். எதிரில் பெட்டினா ஹோலிஸ் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் போலப் பணம் போடுகிறவள், என்னைவிடப் பணம் அதிகம் உள்ளவள். நான் போனதும் பேச்சு நின்றது.

"என்ன பேங்க், இங்கயும் வசூலுக்கு வந்துட்டியா?" என்றார் ஆர்லோ. "பேன்கேக் என் சொந்தக் காசுய்யா."

"பாவம், சிரப்புல பாதிய அவருக்கு ஊத்திக் குடு," என்றாள் பெட்டினா. "இல்லன்னா அதையும் பள்ளத்துல எழுதிடுவாரு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அது ஐயாயிரம் டாலர் போட்டி. மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு ஐம்பத்து நான்கு பேர் மிஞ்சியிருந்தார்கள், ஆர்லோ அதில் ஒருவர். முதல் பரிசு ஒன்பது லட்சம். ஒன்பது ஒன்பது பேராக வெளியேறும்போதெல்லாம் மீதி இருப்பவர்களின் பரிசு ஒரு படி ஏறும். ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கு.

அன்று காலை பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆர்லோ தொலைபேசியில் கூப்பிட்டார். "மேல வாயேன். எனக்கென்னமோ சரியில்ல," என்றார். குரல் குழறியது. குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினான்காவது மாடியில் இருந்த அவருடைய ஓட்டல் அறைக்குப் போனேன். கதவு மூடாமல் தாழ்ப்பாளில் முட்டி நின்றது. கட்டிலில் சாய்ந்து கிடந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்திருந்தார்.

"கை தூங்கிடுச்சுய்யா," என்றார். "எழுப்பிப் பாத்துட்டேன். அசைய மாட்டேங்குது, கழுத."

"சரிஞ்சு படுத்திருப்ப."

"வாயும் ஒரு பக்கமா போவுது. கண்ணாடியில பாத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"பன்னெண்டு மணிக்கு ஆட்டம் இருக்கு."

"ஆட்டம் கெடக்கட்டும்."

ஐந்து வருடத்தில் ஆர்லோ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சலோடு ஆடியிருக்கிறார், பல் பிடுங்கிய அன்று பஞ்சைக் கடித்துக்கொண்டு ஆடியிருக்கிறார். எனக்கு டானி ஷ்ரூடர் ஞாபகம் வந்தது. பேன்கேக் கடையும் ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

"நடிக்கிறேன்னு பாக்குறியா?" என்றார்.

"நீ நல்லா நடிப்ப. அதுக்குத்தான உனக்குக் காசு போடுறேன்."

சிரிக்க முயன்றார். பாதி முகம்தான் சிரித்தது. அதைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். ஆட்டக்காரர் வராவிட்டால் அவர் இடத்தைக் கலைக்க மாட்டார்கள். நாற்காலி காலியாக இருக்கும், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுகள் மேஜையில் இருக்கும். டீலர் அந்த இடத்துக்கும் சீட்டுப் போட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லுகளை அவரே எடுத்து நடுவில் தள்ளுவார். குவியல் தேய்ந்துகொண்டே வரும். அதற்குள் மற்றவர்கள் அவசரப்பட்டு ஒருவரையொருவர் வெளியேற்றினால், காலி நாற்காலி படி ஏறும். ஆர்லோவிடம் இருந்த சில்லுகள் மூன்று மணி நேரம் தாங்கும். குழறுகிற ஆள் உட்கார்ந்து ஆடினால் அரை மணியில் எல்லாம் போய்விடும். ஆகவே அவர் கீழே போகாமல் இருப்பதுதான் லாபம். இதில் தவறில்லை, யாரும் இதைத்தான் செய்வார்கள்.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்றுதான் கேட்டீர்கள். முதல் நாள் விசாரணையில் நான் சொன்னது இது: நோயாளி என்று பதிவாகிவிட்டால் அவர் விலகியதாகக் கொண்டு சில்லுகளை மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்த விதிக்குப் பயந்துதான் இருந்தேன் என்று. நேற்று நீங்கள் போட்டி மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, அப்படி ஒரு விதியே இல்லை என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும், அது டீலர் வேலைக்குச் சேரும் முதல் வாரத்தில் சொல்லித்தருவது என்று அவர் சொன்னாராம்.

அவர் சொன்னது சரி. எனக்கும் முதல் வாரத்தில்தான் சொல்லித்தந்தார்கள். ஒருமுறை குடல்வால் அறுவைக்குப் போனவனின் சில்லுகளை நானே ஒரு முழு மத்தியானம் எடுத்துத் தள்ளியிருக்கிறேன்.

அன்று பத்தரைக்கு ஆர்லோ ஒரு விஷயம் சொன்னார். மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். "உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு இருந்தேன், வெண்டல்." அன்றைக்குத்தான் முதல்முறையாக என் பேர் சொன்னார். "பெட்டினா பள்ளத்த வாங்கிக்கிறேன்னுட்டா. நல்ல வெல குடுப்பா. உனக்கு நஷ்டமில்ல. திங்கக்கெழமையிலேர்ந்து அவளுக்கு ஆடுறேன்."

"எனக்கு நஷ்டமில்ல," என்றேன்.

"கோவமா?"

"இல்ல."

உண்மையிலேயே கோபம் இல்லை. பெட்டினா கொடுக்கவிருந்த தொகை நியாயமானது என்று பிறகு அவளே சொன்னாள். பணக் கணக்கில் பார்த்தால் அவரை அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நாற்காலியும் சம்பாதித்திருக்கும், பள்ளத்துக்கும் விலை வந்திருக்கும். இதை நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் என் தொலைபேசியில் அறிகுறிகளை எழுதித் தேடினேன். பக்கவாதம் என்று வந்தது. நாலரை மணி நேரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று போட்டிருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். பிறகு போட்டியின் பக்கத்தைத் திறந்துவைத்தேன்.

பன்னிரண்டுக்கு ஆட்டம் ஆரம்பித்தது. பன்னிரண்டே முக்காலுக்கு நாற்பத்தைந்து பேர். ஆர்லோ தண்ணீர் கேட்டார். தலையைத் தாங்கிக் கொடுத்தேன், பாதி கழுத்தில் வழிந்தது, துடைத்துவிட்டேன். நான் கொடூரமானவன் இல்லை. ஒரு மணிக்கு மேல் வார்த்தைகள் மாறிப் போயின. ஜன்னலைக் காட்டி ஏணி என்றார். என்னைப் பார்த்து இரண்டு முறை கோரா என்றார். கோரா அவருடைய தங்கை. இரண்டு மணிக்கு முப்பத்தாறு பேர், பரிசு இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. அதை அவரிடம் சொன்னேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு நாற்காலியின் கடைசிச் சில்லும் போனது. முப்பத்து மூன்றாம் இடம். மூன்று பத்துக்கு அவசர எண்ணைக் கூப்பிட்டு, சிநேகிதர் மயங்கிக் கிடக்கிறார், இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன்.

கோரா டல்சாவிலிருந்து மறுநாள் வந்தாள். ஆஸ்பத்திரி நடைவழியில் என் பக்கத்தில் உட்கார்ந்து காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எத்தன மணிக்கு அவனப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு."

"நிச்சயமா?"

"மூணு, மூணே கால் இருக்கும்."

தன் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள். காலை பத்து ஏழுக்கு ஆர்லோ அனுப்பியிருந்தார். நான் குளியலறையில் அவருக்குத் துண்டு நனைத்துக்கொண்டிருந்தபோது இடது கையால் அடித்திருக்க வேண்டும். எழுத்துப் பிழையோடு இருந்தது. 'உடம்பு சரியில்ல. வெண்டல் வந்துட்டான். கவலப்படாத.'

"பத்து மணிக்கு வந்த ஆளு, மூணு மணி வரைக்கும் என்ன பண்ணீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. "அதுக்கப்புறம் நாப்பது தடவ கூப்பிட்டேன் அவன. ஒரு தடவகூட எடுக்கல."

அங்கிருந்து எழுந்து நேராக உங்களிடம் வந்தாள்.

இந்த ஒரு வாரமாக நான் உங்களிடம் சொன்னதெல்லாம் ஒரே காரணம்தான்: நான் சந்தேகப் பிராணி, அவர் நடிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். எனக்கே அது பிடித்திருந்தது. ஏமாந்தவன் என்றால் ஒருவிதத்தில் மன்னித்துவிடுவார்கள். ஆனால் நேற்று என் காரிலிருந்து நீங்கள் எடுத்து மேஜையில் வைத்த தொலைபேசி ஆர்லோவுடையது. பத்து நாற்பதுக்கு அவர் கையிலிருந்து வாங்கி, அணைத்து, என் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டல் தொலைபேசியின் வயரையும் கழற்றினேன். நடிக்கிறவனாக இருந்தால் அதெல்லாம் தேவைப்பட்டிருக்காது. நடிக்கிறவன் யாரையும் உதவிக்குக் கூப்பிட மாட்டான்.

எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாற்பதுக்கே எனக்குத் தெரியும். அவர் இன்னொருத்திக்காக ஆடுவதை நான் விரும்பவில்லை. மற்றதெல்லாம் அன்று உட்கார்ந்திருந்த நேரத்தில் யோசித்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். பேச்சு வராது, வலது பக்கம் வராது என்கிறார்கள். போன ஞாயிறு வரை ஒரு நாளும் விடாமல் போய்ப் பார்த்தேன். பெட்டினா ஒருமுறைகூட வரவில்லை. நான் அறைக்குள் நுழைந்ததும் ஆர்லோ இடது கையால் செவிலியின் சட்டையைப் பிடித்துக்கொள்வார், நான் கிளம்பும் வரை விட மாட்டார். ஐந்து வருடப் பழக்கம் இல்லையா, என்னைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்குவதில்லை.