தேர் வீட்டுப் பூட்டு

எங்கள் காரமடை வீட்டுக் கறிவேப்பிலைக்கு இருக்கும் வாசம் கோயமுத்தூர் மார்க்கெட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. பின்கட்டு அறையைப் பார்க்கப் போனீர்களே, பக்கத்திலேயே நிற்கிறது. இந்த வெயிலிலும் ஓர் இலை வாடவில்லை.

அதைத் தேர் வீடு என்போம். மாசித் தேருக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குவதற்கென்றே என் அப்பா கட்டியது. மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற வீட்டில் பாம்புதான் குடியேறும் என்று, பின்கட்டில் இருந்த பழைய பஞ்சு அறையைக் குமாரசாமிக்கு வாடகைக்கு விட்டேன். வாழைக்காய் மண்டியில் வேலை. மனைவி தவறிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. நல்ல மனிதர். வெற்றிலை போட்டாலும் சுவரில் துப்ப மாட்டார்.

ஒப்பந்தத்தை மட்டும் ஜாக்கிரதையாக எழுதினேன். என் அண்ணன் வரதராஜுலு இரக்கப்பட்டு ஒருவரைக் குடிவைத்தார். புது வாடகைச் சட்டம் வந்ததும் அவரைக் கிளப்ப முடியாமல் இன்றைக்கும் கோர்ட்டுக்கு நடக்கிறார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. அதனால் என் பத்திரத்தில், குமாரசாமியின் குடியிருப்பு அன்னூர், இது வேலைக்காகத் தங்கிப்போகும் இடம் என்று போட்டேன். தேருக்குக் கொடியேறினால் காலி செய்துகொண்டு அன்னூர் போக வேண்டும். தேர் முடிந்து வரலாம்.

"அதுக்கென்னங்க, நம்மூட்டையும் ஒருக்கா எட்டிப் பாத்த மாதிரி ஆச்சுங்க" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

போன தை மாதம் அன்னூர்ச் சந்தைக்குப் போனவன் குமாரசாமியின் வீட்டையும் பார்த்தேன். வேறு யாரோ மாடு கட்டியிருந்தார்கள். மனைவியின் வைத்தியத்துக்காக எப்போதோ விற்றுவிட்டாராம். அப்படியானால் என் அறைதான் அவருக்கு ஒரே வீடு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வக்கீலைக் கேட்டேன். "தேரப்பவும் அவரு உள்ளயே இருக்கறது தெரிஞ்சும் உட்டுப்போட்டீங்கன்னா, அப்புறம் அது அவரு ஊடுதானுங்க" என்றார்.

தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

கொடியேற்றத்தன்று போய் இறங்கினோம். முந்தைய வருடங்களில் மண்டியில் மூட்டைமேல் படுத்துச் சமாளித்திருக்கிறார். இந்த முறை காய்ச்சலாம், அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே ஒரு குடம் தண்ணீர். எங்கள் வண்டிச் சத்தம் கேட்ட அவசரத்தில் உள்ளே எடுத்து வைக்க மறந்திருப்பார். உள்ளிருந்து ஓர் இருமல், பிறகு வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி அமைதி. வெளியே வாருங்கள் என்று கூப்பிட்டால், இருப்பது எனக்குத் தெரிந்ததாகிவிடும். வருடா வருடம் போடுகிற பூட்டைப் போட்டேன். குடத்துத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். வாடிய செடியைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது.

ஒளிந்திருப்பவர் உடனே சத்தம் போடுவாரா? போடவில்லை. தண்ணீர் சேவையன்றுதான் வாசல் பெருக்கும் மயிலாத்தாள் வந்து, "ஏனுங்க, பின்னால ரூமுக்குள்ள என்னமோ தட்டுதுங்க" என்றாள்.

"பெருச்சாளியா இருக்கும், அம்மணி. தேர்க் கூட்டத்துக்குப் பயந்து வந்திருக்கும்."

அவளும் சிரித்துக்கொண்டு போனாள். அன்று தாசர்கள் தோல் பையில் தண்ணீர் சுமந்து ஆடி வருவார்கள், பார்க்கக் கண் கொள்ளாது. நாங்களும் முன்வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர். கேட்டவருக்கெல்லாம் இல்லை என்னாமல் நானே ஊற்றினேன். கறிவேப்பிலை பறிக்கப் பின்கட்டுக்குப் போனபோதெல்லாம் "சாமீ, தண்ணி" என்று கேட்டது. தேரன்று கேட்கவில்லை.

தேர் நிலை சேர்ந்ததும் நானேதான் திறந்தேன். கதவை ஒட்டியே கிடந்தார். அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

ஆமாம், உள்ளே அவர் இருப்பது தெரிந்துதான் பூட்டினேன். ஆனால் கொலை என்று எழுதுமுன் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் கையெழுத்துதான். அதன்படி அன்றைக்கு அவர் அன்னூரில் இருந்தார்.